கட்டிலைத் தேடும் முன்னர் பதிவேட்டைத் தேடுங்கள்: பிரசவத்துக்கு இடம் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் பின்னர் கிழக்கே உள்ள எழுவான்கரையிலும் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது ஊர் மருத்துவமாதாக, வேலை செய்து நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஆனாலும் தலைப்பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்களும் அவர்களுடைய தாய்மாரும் ஆலோசனை கேட்டு வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அவர்களுள் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "எந்த ஆஸ்பத்திரியில இடம் பிடிக்கலாம், மிஸ்?" என்பதுதான். என் தலைமுறைப் பெண்கள் எந்தப் பிழைகளால் கடைசி நேரத்தில் அலைந்தார்களோ, அதே பிழைகளை இவர்களும் ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. மாத்திரையை மறப்பது, கிளினிக் நாளைத் தவறவிடுவது போன்றவற்றை உங்கள் பிரிவு மிஸ் (குடும்பநல உத்தியோகத்தரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) சொல்லித் தருவார். நான் இடம் தேடுவதில் நேரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நமது மாவட்டங்களில் இடம் குறைவு என்பது உண்மை. ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்பது நெறி. ஆனால் வெற்றிடங்கள் காரணமாக ஒருவரே இரண்டு பிரிவுகளைப் பார்க்கும் நிலை பல ஊர்களில் உள்ளது. பெரிய வைத்தியசாலைகளின் பிரசவ விடுதிகள் நிரம்பி வழிகின்றன. தனியார் வைத்தியசாலைகளில் அறைகள் சிலவே. இத்தகைய நிலையில் எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்ற ஒழுங்கு மிக முக்கியமாகிறது.

மூன்று மாதம் முடியும்வரை ஒளித்து வைத்தல்

கண்ணூறு படும், பிள்ளை தங்கிய பிறகு சொல்லலாம் என்று மூத்தவர்கள் கூறுவதை நான் மதிக்கிறேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் பிரிவு மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள். உங்கள் தகவலை வெளியில் பேசாமல் காப்பது அவருடைய கடமை. எட்டு வாரம் நிறைவதற்குள் பதிவு நடந்தால், எச் 512 எனப்படும் கர்ப்பப் பதிவு அட்டை கைக்கு வரும், குருதி வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகிய பரிசோதனைகள் உரிய காலத்தில் நடக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019ஆம் ஆண்டில் இலங்கையை உலக சுகாதார அமைப்பு அங்கீகரித்ததற்குப் பின்னால், கிளினிக்கில் எடுக்கப்படும் இந்தச் சிறு குருதி மாதிரியும் இருக்கிறது. 11 முதல் 13 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் பிரசவத் திகதியைச் சரியாகக் கணிக்க உதவும். ஐந்தாம் மாதத்தில் வந்து நிற்பவருக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. திகதி பிழைத்தால், எப்போது விடுதிக்குப் போவது என்ற திட்டமும் பிழைக்கும்.

சனல் செய்ததும் கட்டில் கிடைத்துவிட்டது என்று எண்ணுதல்

இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். படித்த குடும்பங்களிலேயே இது அதிகம் நடக்கிறது.

கர்ப்பம் உறுதியானதும் மகப்பேற்று விசேட வைத்திய நிபுணர் ஒருவரைத் தனியார் நிலையத்தில் சனல் செய்கிறார்கள், அதாவது கட்டணம் கட்டி நேரம் பதிந்து போய்க் காட்டுகிறார்கள். மாதந்தோறும் காசு கட்டி, ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிநாட்டில் உள்ள உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த நிபுணர் அரச வைத்தியசாலையிலும் கடமை செய்பவர் என்பதால், வலி வந்ததும் அவரே வந்து பிள்ளையை எடுப்பார், அவருடைய விடுதியில் நமக்கு ஒரு கட்டில் காத்திருக்கும் என்று முழுமையாக நம்புகிறார்கள். கிளினிக்கில் பதிவு செய்தீர்களா என்று கேட்டால், "அது திரிபோஷ வாங்குற ஆக்களுக்குத்தானே, மிஸ்" என்று, கிளினிக்கில் இலவசமாகத் தரும் சத்துமாவைச் சொல்லிப் பதில் வருகிறது.

படுவான்கரையில் இப்படி ஒரு ஆசிரியை இருந்தார். இரண்டாம் மாதத்திலிருந்தே தனியார் நிலையத்தில் காட்டிவந்தவர், எங்கள் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க உடன்படவில்லை. நான் வீட்டுக்குப் போன போதெல்லாம் மரியாதையாக இருத்தித் தேநீர் தந்து, டொக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஒன்பதாம் மாதத்தில் ஓர் இரவு கடுமையான தலையிடி வந்தது. கால் ஏற்கனவே வீங்கியிருந்தது. கணவர் நிபுணருக்கு அழைப்பு எடுத்தார்; அவர் விடுமுறையில் வெளிநாடு போயிருந்தார். அறை பதிவு செய்திருந்த தனியார் வைத்தியசாலைக்குப் போனார்கள். குருதி அழுத்தத்தை அளந்து பார்த்தவர்கள், இங்கே வைத்திருக்க முடியாது, உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அங்கே அவரை உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கையில் அட்டை இல்லை. முந்தைய அழுத்த அளவுகள் எங்கும் வரிசையாக எழுதப்பட்டிருக்கவில்லை. குருதி வகை எழுதிய துண்டு வீட்டு அலுமாரியில் இருந்தது. ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியான அந்த நேரத்தில், மற்றத் தாய்மாருக்கு மாதக்கணக்கில் ஆறுதலாகச் செய்து முடித்த பரிசோதனைகளை எல்லாம் அவருக்கு நடுச்சாமத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. அவருடைய குருதி நெகட்டிவ் வகை என்பது அப்போதுதான் விடுதியில் உள்ளவர்களுக்குத் தெரிந்தது. சிசேரியன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். அந்த விடுதியினர் திறமையாக வேலை செய்ததால் அது அப்படி முடிந்தது.

சனல் செய்யும்போது நீங்கள் வாங்குவது அந்த நேரத்துக்குரிய ஆலோசனை மட்டுமே. அரச வைத்தியசாலையில் கட்டில் காசுக்கோ முன்பதிவுக்கோ ஒதுக்கப்படுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மகப்பேற்றுப் பிரிவுகள் உள்ள இடத்தில், நீங்கள் அவசரமாகப் போகும் வேளையில் எந்தப் பிரிவு கடமையில் உள்ளதோ அது உங்களை ஏற்கும். சிக்கலற்ற பிரசவத்தைப் பெரும்பாலும் கையேற்பவர் பிரசவ அறையில் அந்த நேரம் கடமையிலுள்ள மருத்துவமாது. நீங்கள் மாதாமாதம் பார்த்த நிபுணர் அந்த வேளையில் வேறொரு தாய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருக்கலாம், வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கலாம், இடமாற்றம் பெற்றும் போயிருக்கலாம். இவர்கள் எவருக்கும் உங்களை முன்பின் தெரியாது. உங்களுக்காகப் பேசக்கூடியது அந்த அட்டை ஒன்றுதான்.

நிபுணரைத் தனியாகக் காட்டுவது பிழை என்று நான் கூறவில்லை. வசதியும் விருப்பமும் இருந்தால் காட்டுங்கள். ஆனால் முதலில் மிஸ்ஸிடம் பதிவு செய்யுங்கள். சனலுக்குப் போகும்போது அட்டையைக் கொண்டுபோய், அவர் பார்த்ததையும் சொன்னதையும் அதிலேயே எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். தனியார் வைத்தியசாலையிலேயே பெற்றுக்கொள்ள முடிவு செய்தவர்கள் அறையின் அழகைப் பார்ப்பதற்கு முன்னர், இரவில் மயக்க மருந்து நிபுணர் எத்தனை நிமிடத்தில் வருவார், குருதி எங்கிருந்து வரும், குறைமாதப் பிள்ளையை வைத்துப் பராமரிக்கும் வசதி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே மாற்றுவார்கள் என்ற கேள்விகளைக் கேட்டு விடை பெற வேண்டும். விடை தெளிவாக வராத இடத்தில் முற்பணம் கட்ட வேண்டாம்.

வெற்றிடம் என்று கேட்டதும் திரும்பிப் போதல்

உங்கள் பிரிவுக்கு மிஸ் இல்லை என்று யாரும் சொன்னால், அதன் பொருள் பக்கத்துப் பிரிவு மிஸ் உங்களையும் பார்க்கிறார் என்பதே. கிராம சேவகர் பிரிவின் பெயரைச் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் யார் பொறுப்பு என்பதையும் கிளினிக் எந்த நாளில் எங்கே நடக்கும் என்பதையும் சொல்வார்கள். இரண்டு பிரிவுகளைப் பார்ப்பவர் ஒவ்வொரு வீட்டையும் தேடி வருவது கடினம் என்பதால், அவர் வரும்வரை காத்திராமல் நீங்களே போய்ச் சந்தியுங்கள்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகிய பகுதிகள் நிருவாகத்தில் அம்பாறை மாவட்டமானாலும், சுகாதாரத்தில் கல்முனைப் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. முறைப்பாட்டையோ விசாரணையையோ அம்பாறை நகருக்குக் கொண்டுபோய் ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

தாய்வீட்டுக்கு வந்த பிறகு பதிவை மாற்றாமை

நமது பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதால் பெரும்பாலானோர் தாய்வீட்டுக்கு அருகிலேயே வாழ்கிறார்கள். கொழும்பிலோ மலையகத்திலோ வேலை செய்துவிட்டு ஏழாம், எட்டாம் மாதத்தில் திரும்பி வருபவர்களே சிக்கிக்கொள்கிறார்கள். அங்கிருந்து புறப்படும் முன்னர் அந்தப் பிரிவு மிஸ்ஸிடம் தெரிவியுங்கள். இங்கு வந்த அதே வாரத்தில் இந்தப் பிரிவில் பெயரைச் சேருங்கள். அட்டை கையில் இருந்தாலும் இங்குள்ள பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால், பிரசவத்துக்குப் பின் உங்களைத் தேடி வர வேண்டியவருக்கு நீங்கள் இங்கே இருப்பதே தெரியாது.

வெளிநாட்டு முறையை இங்கே தேடுதல்

கனடாவின் ஒன்ராறியோவில் 1994 முதல் மருத்துவமாதுக்கள் சட்டப்படி பதிவுபெற்ற தனித் தொழிலாளர்களாக, மாகாண அரசின் செலவில் இயங்குகிறார்கள். அங்கே ஒரு மருத்துவமாது ஏற்கும் தாய்மாரின் தொகைக்கு எல்லை உண்டு. கர்ப்பம் தெரிந்த உடனேயே அழைத்து இடம் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் நிற்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா இதைச் சொல்லும்போது அது அங்கே சரியான அறிவுரை. இங்கே உங்கள் மருத்துவமாதை நீங்கள் தெரிவு செய்வதில்லை. உங்கள் முகவரி தெரிவு செய்கிறது. கட்டணமும் இல்லை. தனியான பிரசவ நிலையம் எங்கே என்று இணையத்தில் தேடி வாரங்களைக் கழிக்க வேண்டாம். அக்கா சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தெரிந்த உடனே அழைக்க வேண்டும் என்பது இங்கும் பொருந்தும்.

வீட்டில் பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணுதல்

வேண்டாம். குருதிப்போக்கு ஏற்பட்டால், அது வண்டி வரும்வரை காத்திருக்காது.

உள்ளே வேலை செய்யும் உறவினரை நம்புதல்

அவர் வழி காட்டலாம். கட்டில் தர அவரால் முடியாது.

கட்டடத்தைப் பார்த்து வைத்தியசாலையைத் தெரிவு செய்தல்

சிக்கலில்லாத இரண்டாம், மூன்றாம் பிரசவத்துக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலை போதுமாக இருக்கலாம். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களில் உள்ளவர்கள் ஒவ்வொருவரும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கே போக வேண்டும் என்று முண்டியடிப்பதால்தான், அங்கே உண்மையிலேயே போக வேண்டிய தாய்க்கு இடம் நெருக்கடியாகிறது. ஆனால் உயர் அழுத்தம், சீனி, இரட்டைப் பிள்ளைகள், முன்பு சிசேரியன் செய்தவர் என்றால் முடிவு வேறு. அத்தகையவர்கள் எங்கே பெற வேண்டும் என்பதைக் கிளினிக் வைத்தியர் அட்டையில் எழுதித் தருவார்; அதைக் குடும்பத்தில் யாரும் மாற்றக் கூடாது.

ஆதார வைத்தியசாலையைத் தெரிவு செய்பவர்கள் 36ஆம் வாரத்தில் மிஸ்ஸிடம் மீண்டும் ஒருமுறை கேளுங்கள்: மகப்பேற்று நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் இப்போது அங்கே கடமையில் இருக்கிறார்களா? 2022க்குப் பிறகு பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதால், போன வருடம் உங்கள் மச்சாளுக்குச் சிசேரியன் செய்த இடத்தில் இந்த வருடம் செய்ய ஆள் இல்லாமல் இருக்கலாம். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது விடுதிக்கு விடுதி வேறுபடும்.

மாரி மழையைக் கணக்கில் எடுக்காமை

கார்த்திகையிலிருந்து தை வரை திகதி விழும் படுவான்கரைத் தாய்மாருக்காக இதைத் தனியாக எழுதுகிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின்னர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்குப் பயணம் எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆனால் பாலத்துக்கு வந்து சேரும் உள்ளூர் வீதிகளில் வெள்ளம் ஏறினால் பாலம் இருந்தும் பயனில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியைக் கடக்கும் பாதையை (மிதவைப் படகை) இரவில் நம்ப முடியாது. வெல்லாவெளி, வவுணதீவு எல்லைக் கிராமங்களில் இருட்டிய பின் யானைக்குப் பயந்து ஓட்டோக்காரர்கள் வர மறுப்பார்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றால் அதுவும் வீட்டு வாசலுக்கு வராது. ஆகவே வலி வரும்வரை பார்ப்போம் என்ற பேச்சு இந்த மாதங்களில் வேண்டாம். திகதிக்கு முன்னரே எழுவான்கரையில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போவதா, விடுதியில் முன்கூட்டியே அனுமதி பெறுவதா என்று எட்டாம் மாதத்தில் கிளினிக்கில் பேசி முடிவெடுங்கள். தூரத்தையும் வீதியின் நிலையையும் நீங்கள் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும்.

பிள்ளை பிறந்ததும் மிஸ்ஸை மறந்துவிடுதல்

பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாட்களுக்குள் இரண்டு முறையாவது குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். காய்ச்சல், தையல் சீழ் பிடித்தல், குருதிப்போக்கு, பால் கட்டுதல், பிள்ளையின் மஞ்சள், தாயின் மனச்சோர்வு எல்லாம் வெளிப்படும் நாட்கள் அவை. துடக்கு (தீட்டு) வீடு என்று அவரை வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பாதீர்கள். பிள்ளையை வெளிச்சத்தில் பார்க்க விடுங்கள். நெகட்டிவ் குருதி உள்ள தாய்க்குப் பொசிட்டிவ் பிள்ளை பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் அதற்குரிய அன்டி-டி ஊசி போட்டார்களா என்பதையும் விடுதியை விட்டு வெளியேறும் முன்னரே கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு பிரிவுகளைச் சுமக்கும் மிஸ்ஸுக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்த செய்தி தானாக வந்து சேராது. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றே கணவரோ தாயோ அவருக்கு ஒரு அழைப்பு எடுத்து, எந்த வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.