திருக்கோவில் என்னும் சொல்லும் என் நிரலும்

மட்டக்களப்பிலுள்ள என் வீட்டுக் கணினியில், இணையத்துத் தமிழ்ச் செய்திகளை வாசித்துக் கிழக்கு மாகாண ஊர்ப்பெயர்களைத் தானே கற்கும் சிறு நிரலொன்றை எழுதினேன். ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகியவற்றை விதைகளாக, அதாவது தொடக்க எடுத்துக்காட்டுகளாக, கொடுத்தேன். இவற்றைச் சூழ்ந்துவரும் தொடர்களைக் கண்டறிந்து, அத்தொடர்களில் வரும் பிற சொற்களையும் அது ஊர்களாகச் சேர்க்கும்; பின் அவற்றைக் கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கும்.

மூன்றாம் சுற்றிலேயே பட்டியலில் ஆலயங்கள் நிறைந்துவிட்டன. அம்பாறை மாவட்டத்து ஊராகிய திருக்கோவில், பொதுச்சொல்லாகக் கோயிலையும் குறிப்பதால், 'திருக்கோவிலில் கொடியேற்றம்' போன்ற தொடர்களை ஊருக்குரியவை என்று நிரல் கொண்டதே காரணம். 2010 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொம் மிட்செல் குழுவினர் இயக்கத் தொடங்கிய 'நெல்' (NELL) என்னும், இணையத்தை வாசித்துத் தானே கற்கும் கணினி முறைமையும் இவ்வாறே, இணையத்தளங்கள் நம் கணினியில் சேமிக்கும் 'குக்கி' என்னும் சிறு தரவுகளை, ஆங்கிலத்தில் அச்சொல் பிஸ்கட்டையும் குறிப்பதால், சுட்ட பண்டங்களாக எண்ணி, கணினிக் கோப்புகளையும் அவ்வகையிலே சேர்த்தது.

அவர்கள் கையாண்ட வழியைப் பின்பற்றி, 'ஊர்', 'ஆலயம்' இரண்டையும் ஒன்றையொன்று விலக்கும் வகைகளாக ஒருங்கே கற்கவைத்தேன். குறைந்தது இரு வேறு தொடர்களில் வந்த சொல்லை மட்டுமே ஏற்கச் செய்தேன். 'பிரதேச செயலகம்' என்பதற்கு முன் வருவது அவற்றுள் மிக நம்பகமானது.

வேற்றுமை உருபு தனிச் சிக்கல். 'மட்டக்களப்பில்' என்பதை 'மட்டக்களப்பு' ஆக்கிய விதி, திருக்கோவிலைத் 'திருக்கோவு' ஆக்கியது! வெட்டிய வடிவம் வேறிடத்தில் தனித்து வந்திருந்தால் மட்டுமே உருபை நீக்குமாறு திருத்தினேன். திருக்கோவிலை விதைகளிலிருந்து எடுத்து, ஊர்ப்பட்டியலில் கையாலேயே எழுதிவைத்தேன்.