டின் காக்டெய்லும் பினாங்குக் கடற்கரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை ஆறு மணிக்கு, டின்னில் கலந்து விற்கும் காக்டெய்ல்களை ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு பினாங்குத் தீவின் குயின்ஸ்பே கடலோர நடைபாதைக்கு வந்து, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கக் காத்திருப்பவர்கள் உண்டு. சூரியனோ அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், அடுக்குமாடிகளுக்கு அப்பால், மலைக்குள் போய்விடும். அது தீவின் கிழக்குக் கரை. எதிரே தெரிவது ஜெரெஜாக் தீவும், 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலமும்தான். விடியற்காலையில் போனால் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் விடியற்காலையில் காக்டெய்ல் குடிப்பவரைப் பற்றி நான் எழுத வரவில்லை.

திசை தெரியாமல் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் தவறு. ஜார்ஜ்டவுன் நகரின் பாடாங் கோத்தா கடற்சுவரும் கர்னி டிரைவும் சூரியன் மறையும் பக்கத்தைப் பார்த்தவை அல்ல. பத்து பெரிங்கி வடக்கு நோக்கிய கரை என்பதால் அங்கே மாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன், ஜூலையில் சூரியன் வடமேற்கில் இறங்குவதால் கடற்பக்கம் தெரியும். டிசம்பரில் தென்மேற்கே சாய்ந்து நிலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆண்டு முழுவதும் கடலில் சூரியன் விழுவதைப் பார்க்க வேண்டுமானால் பாலிக் புலாவுக்கு அப்பால் புலாவ் பெத்தோங் போன்ற மேற்குக் கரைதான். அங்கே இரவில், செயலியில் அழைக்கும் கிராப் கார் எளிதில் வராது. திரும்பும் வழியை முடிவு செய்யாமல் அந்தப் பக்கம் டின்னைத் திறக்காதீர்கள்.

நேரமும் ஏமாற்றும். இந்தத் தீவில் சூரியன் மறைவது ஏழு மணிக்கும் ஏழேமுக்காலுக்கும் இடையில். ஆறு மணிக்கே உட்கார்ந்தால், வெயிலும் தாகமும் சேர்ந்து வானம் சிவப்பதற்குள் இரண்டு டின் காலியாகிவிடும். தாகத்துக்குத் தண்ணீர் போத்தல் தனியாக இருக்க வேண்டும். காக்டெய்லைத் தாகத்துக்குக் குடிப்பவர் சுவையும் அறிய மாட்டார், அளவும் அறிய மாட்டார்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டின் எல்லாம் ஒரே உருவத்தில் இருப்பதால், உள்ளே இருப்பதும் பீர் மாதிரி ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சோடா கலந்த ஹைபால் வகைகள் பெரும்பாலும் பீரை ஒட்டிய வலிமையில் இருக்கும். காய்ச்சிய மதுவில் சோடாவும் பழச்சுவையும் கலந்த ஜப்பானிய சூஹாய் வகைகளில் 9 விழுக்காட்டு மது உள்ளவை உண்டு. சோடா இல்லாமல் மதுவோடு மது கலக்கும் நெக்ரோனி போன்றவை சின்னஞ்சிறு டின்னில் வந்தாலும் அந்தச் சூஹாயைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டமாக இருக்கலாம். கணக்கு எளிது: டின்னின் மில்லிலிட்டரை மது விழுக்காட்டால் பெருக்கி நூறால் வகுத்து, வருவதை 0.79-ஆல் பெருக்கினால் தூய மது எத்தனை கிராம் என்று தெரியும். 5 விழுக்காட்டு பீர், 330 மில்லி என்றால் சுமார் 13 கிராம். 9 விழுக்காட்டு சூஹாய், 350 மில்லி என்றால் சுமார் 25 கிராம். 25 விழுக்காட்டில் வரும் 100 மில்லி குட்டி டின்கூட 20 கிராமைத் தொடும். சர்க்கரையும் பழச்சாறும் காட்டத்தை மறைத்துவிடுவதால் நாக்கை நம்பிப் பயனில்லை. டின்னின் மேல் அச்சிட்ட எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

டின்னின் மேல் போட்டிருக்கும் பழப்படம் இன்னொரு வகையில் ஆபத்து. நம் குடும்பங்கள் கடற்கரைக்குப் போனால் தனியாகப் போவதில்லை; அக்கா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். பீச், லிச்சி, எலுமிச்சை படம் போட்ட டின்னும் பிள்ளைகளின் பானமும் ஒரே ஐஸ் பெட்டியில் கிடந்தால், விளையாடிவிட்டு ஓடிவரும் சிறுவன் எதை எடுப்பான் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? இரண்டு பெட்டி கொண்டுபோங்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமே கிடையாது.

அடுத்தது, டின் கையில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற எண்ணம். மதுக்கடையைத் தேடிப் போகும்போது வரும் எச்சரிக்கை, பையில் டின் இருக்கும்போது வருவதில்லை. மாநகர் மன்றப் பூங்காவா, ஹோட்டலின் புல்வெளியா, கடற்கரை மதுக்கூடத்தின் நாற்காலியா என்று முதலில் பாருங்கள். நுழைவாயிலில் அறிவிப்புப் பலகை இருந்தால் அதை வாசியுங்கள். மது கூடாது என்றிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. மதுக்கூட நாற்காலியில் உட்கார்ந்து சொந்த டின்னைத் திறப்பது, அடுத்தவர் கல்யாணத்துக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு போவது போன்றது. பத்து பெரிங்கியிலோ, தஞ்சோங் தோக்கோங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையிலோ உரிமம் பெற்ற கடையின் வெளி மேசையில் அமர்ந்து அங்கேயே ஒன்று வாங்கிக் குடித்தால் விலை கூடும், வம்பு குறையும்.

தண்ணீர்மலை அடிவாரத் தாவரவியல் பூங்கா, 1884-இல் தொடங்கியது, பினாங்குத் தமிழர் எல்லாரும் கால் பதித்த இடம். அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் அது டின்னுக்கு ஏற்ற இடம் அல்ல. முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, தைப்பூசத்தில் அந்தச் சாலை முழுவதும் காவடி. கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சியிலும் அதே கதைதான்: 1920-களிலிருந்து மக்களை மேலே ஏற்றிவரும் மலை ரயிலில் போய் இறங்கினால், மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. காட்சிமேடையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டின்னை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குரங்குகளும் அங்கே உண்டு. அவை பையைப் பிடுங்கும்போது எந்தச் சுவை என்று கேட்பதில்லை.

உணவு விஷயத்தில் நடக்கும் தவறு மரியாதையைச் சேர்ந்தது. பசெம்போர் என்ற உள்ளூர்க் காய்கறிக் கலவையை வாங்கப் போன கையோடு, முஸ்லிம் கடையின் மேசையில் டின்னை வைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் நம் மொழியே பேசும் மாமாக், அதாவது தமிழ் முஸ்லிமாக இருக்கலாம். "தம்பி, அதை எடுத்துவிடுங்கள்" என்று அவரைச் சொல்ல வைப்பதே தவறு. உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வேறிடம் போங்கள். கூட வந்த முஸ்லிம் நண்பரிடம் "ஒரு வாய்" என்று நீட்டுவதும் வேடிக்கை அல்ல. அவருக்கு அது ஷரியா சட்டப்படி குற்றம்.

வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது; இளமுகம் உள்ளவர்கள் அடையாள அட்டையை எடுத்துப் போகட்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று சாலையோரத்திலோ, கைப்பேசி வழியாக விற்கும் முகம் தெரியாதவரிடமோ வாங்காதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்ற நச்சு கலந்த போலி மதுவால் பலர் இறந்தார்கள். உடல்நல எச்சரிக்கை மலாயில் அச்சாகியிருக்கிறதா, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

இனி கார். தஞ்சோங் புங்காவிலிருந்து பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங் போகும் சாலை ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று வளைந்து வளைந்து போகும். தெளிவாக இருப்பவருக்கே அது சோதனை. 2020 அக்டோபரிலிருந்து மலேசியாவில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது. முன்பு 80 இருந்தது. வரம்பை மீறியதற்கே, விபத்து எதுவும் இல்லாமலே, முதல் தடவையில் 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, ஓட்டுநர் உரிமமும் போகும். அப்படி ஓட்டியதில் யாராவது இறந்தால் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. "ஒரு தே தாரிக் குடித்தால் தெளிந்துவிடும்" என்று சொல்லும் அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார். தேநீர் விழிப்பைத் தரும், மதுவைக் குறைக்காது. உடல் மணிக்கு ஏறத்தாழ பத்து கிராம் மதுவைத்தான் கரைக்கும். அந்த 25 கிராம் டின்னுக்கு இரண்டரை மணி நேரம். ஜார்ஜ்டவுனின் வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து தெலுக் பகாங் வரை 101 பஸ் ஓடுகிறது. டின்னைத் திறப்பதற்கு முன்பே அதன் கடைசி நேரத்தைப் பார்த்து வையுங்கள்.

குடித்த பிறகு கடலில் இறங்குவது தனித் தவறு. இந்தக் கரைகளில் சொறிமீன் உண்டு, அதில் கடுமையாகக் கொட்டும் வகையும் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மாலை மழை திடீரென இடியோடு இறங்கும். மின்னல் தெரிந்தால் மணலிலும் மரத்தடியிலும் நிற்காமல் கூரை உள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

இத்தனையும் பார்த்தால், என் கணிப்பில் பினாங்கின் சிறந்த காக்டெய்ல் இடம் தஞ்சோங் புங்காவில் கடல் பார்த்த அடுக்குமாடி வீடு எதுவோ அதன் பால்கனிதான். சொந்த வீடு இல்லாவிட்டால் உறவினர் வீடு. அத்தை வீட்டில் இருந்தால் டின்னைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இரண்டு துண்டு எலுமிச்சை போட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் எலுமிச்சைச் சோடா என்று சொல்லிப் பார்க்கலாம். நம்புவார் என்று நான் உறுதி தர மாட்டேன்.