ஃபேரிங்கில் மெஷ் கிரில்: வீட்டிலேயே பொருத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேரிங், அதாவது முன்பக்கத்தையும் பக்கங்களையும் மூடும் பிளாஸ்டிக் உறை உள்ள பைக்குகளில், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 எல்லாம் இப்படித்தான். ஜிக்ஸர் எஸ்எஃப் 250-ல் ரேடியேட்டருக்குப் பதில் ஆயில் கூலர். ரோடு வேலை நடக்கும் இடத்தில் முன்னால் போகிற லாரி வாரி இறைக்கும் கல்லும், நம் முன்சக்கரமே தூக்கிப் போடும் கல்லும் அங்கேதான் வந்து விழும். ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இதழான ஃபின் மடங்கினால் நிமிர்த்திக்கொள்ளலாம். டியூபில் ஓட்டை விழுந்தால் அதில் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் ஒழுகி வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஆகவே அங்கே ஒரு மெஷ் (கம்பி வலை) வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் காற்று தடையில்லாமல் போக வேண்டும், மெஷ் எதன் மேலும் உரசக் கூடாது. இந்த இரண்டையும் மறந்து அழகுக்காக மட்டும் பொருத்தும்போதுதான் வேலை கெடுகிறது.

எந்தத் திறப்பை மூடுகிறோம்?

ஃபேரிங்கில் இருக்கும் திறப்புகளில் சில காற்றை உள்ளே வாங்குபவை, சில வெளியே விடுபவை. முன்பக்கத்து வாய் வழியாகக் காற்று நுழைந்து, ரேடியேட்டரைத் தாண்டிச் சூடாகி, இரு பக்கவாட்டுத் திறப்புகள் வழியாக வெளியேறுகிறது. கல் வருவது முன்பக்கத்திலிருந்து மட்டுமே. பக்கவாட்டுத் திறப்பில் மெஷ் ஒட்டினால் பாதுகாப்பு ஒன்றும் கூடிவிடாது. சூடான காற்று வெளியேறுவதுதான் குறையும். அந்தச் சூடு உங்கள் தொடைப் பக்கம் திரும்பும். தோற்றத்துக்காக வேண்டும் என்றால் 10 மி.மீ.க்குக் குறையாத பெரிய கண் உள்ள மெஷ்ஷை மட்டும் அங்கே வையுங்கள்.

ஹெட்லைட் முன்னால் கிரில் வைப்பதை விட்டுவிடுவது நல்லது. ஒளியின் ஒரு பங்கை அது தின்னும், ரோட்டில் கோடுகோடாக நிழல் விழும். மழை இரவில் இதன் விலை தெரியும். இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டை மறைக்கும் எந்த வேலையும் வேண்டாம்.

மெஷ் தேர்வில் நடக்கும் தவறு

வீட்டில் மிச்சமிருக்கும் கொசுவலைக் கம்பியை வெட்டி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. காற்று போகும் பரப்பைக் கணக்குப் போட்டால் அது மோசமாகத் தெரியாது. பின்னல் மெஷ்ஷில் கண்ணின் அளவை, கண்ணும் கம்பியும் சேர்ந்த அளவால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் திறந்த பரப்பு கிடைக்கும். 1.2 மி.மீ. கண், 0.25 மி.மீ. கம்பி உள்ள கொசுவலையில் 68 சதவீதம். 5 மி.மீ. கண், 0.8 மி.மீ. கம்பி உள்ள மெஷ்ஷில் 74 சதவீதம். வித்தியாசம் சின்னது போலத்தான் இருக்கிறது. ஆனால் கொசுவலைக் கண்ணில் தூசி அடையும், பூச்சி ஒட்டும், மழையில் தண்ணீர் படலமாக நிற்கும், பெயின்ட் அடித்தால் பாதிக் கண் மூடிக்கொள்ளும். ஒரு வாரம் ஓடிய பிறகு அந்த 68 சதவீதம் அப்படியே இருக்காது.

வட்டத் துளை போட்ட தகடு இதைவிட மோசம். 3 மி.மீ. துளைகள், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 மி.மீ. இடைவெளியில் மாற்றி மாற்றி அமைந்திருந்தால் திறந்த பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பார்க்க கம்பீரமாக இருக்கும், ரேடியேட்டர் மூச்சு முட்டும்.

சாலை வேலைக்குப் போடும் பேபி ஜல்லி ஏறத்தாழ 6 மி.மீ. அதைத் தடுக்க 4 அல்லது 5 மி.மீ. கண் போதும். அதைவிடச் சின்னக் கல் ரேடியேட்டரை ஓட்டை போடும் அளவுக்குக் கனமில்லை. கம்பி 0.8 முதல் 1 மி.மீ. இருக்கட்டும். கோழிவலை கையாலேயே வளையும், கல் பட்டால் உள்ளே அமுங்கி ஃபின்னில் போய் முட்டும்.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? வெட்டவும் வளைக்கவும் அலுமினியம் சுலபம். ஸ்டீல் உறுதி, ஆனால் ரேடியேட்டர் அலுமினியம் என்பதை மறக்காதீர்கள். இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரிப்பது அலுமினியப் பக்கம்தான். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடற்கரைப் பகுதிகளில் ஓட்டுபவர்கள் ஸ்டீல் போட்டால் பிடிமானம் வரும் இடங்களில் ரப்பர் அல்லது நைலான் வாசர் வைத்தாக வேண்டும்.

டைமண்ட் வடிவக் கண் உள்ள அலுமினிய மெஷ்ஷில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தகட்டைக் கீறி இழுத்துச் செய்வதால் அதன் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கண் நன்றாகத் திறந்தும் எதிர்க்கோணத்தில் மூடியதுபோலவும் தெரியும். திறந்து தெரியும் கோணம் காற்று வரும் பக்கம் பார்க்க வேண்டும். இடது, வலது துண்டுகளை ஒரே பக்கமாக வைத்து வெட்டிவிட்டால் பொருத்திய பிறகு சாய்வு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. 30 செ.மீ.க்கு 60 செ.மீ. தகடு ஒன்று பெரும்பாலான பைக்குகளுக்குப் போதும். சென்னையில் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் துண்டாக வெட்டித் தருவார்கள்.

கழற்றும்போது

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். ஃபேரிங் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமான போல்ட்டைக் குட்டை போல்ட் இடத்தில் போட்டு முறுக்கினால் பின்னால் இருக்கும் வயரிலோ ரேடியேட்டரிலோ போய் முட்டும். ஒரு அட்டையில் ஃபேரிங்கின் உருவத்தைக் கிறுக்கி, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வையுங்கள். போல்ட் எல்லாம் கழன்றும் பேனல் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். கிளிப்போ ரப்பர் புஷ்ஷில் செருகிய முளையோ இன்னும் பிடித்திருக்கும். உடையும் முளைக்குத் தனியாக ஸ்பேர் கிடைக்காது, முழுப் பேனலையே வாங்க வேண்டியதுதான். இண்டிகேட்டர் கனெக்டரைப் பிரித்த பிறகே பேனலை முழுதாக நகர்த்துங்கள்.

வெட்டுவதும் ஓரமும்

மெஷ் மேல் நேரடியாகக் கோடு போட்டு வெட்டாமல், முதலில் அட்டையில் வார்ப்பு எடுங்கள். திறப்பைவிடச் சுற்றிலும் 12 முதல் 15 மி.மீ. கூடுதலாக விட்டால்தான் ஒட்டவும் மடக்கவும் இடம் கிடைக்கும். தகரம் வெட்டும் கத்தரி, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். வண்டிக்கு அருகில் நின்று வெட்டாதீர்கள். சிதறும் கம்பித் துணுக்கு ரேடியேட்டர் ஃபின்னுக்குள்ளோ பிரேக் காலிப்பருக்குள்ளோ போனால் தேடி எடுப்பது பெரும்பாடு.

வெட்டிய ஓரத்தை அரம் போட்டு மழுங்கச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் முன்பக்க வயர்கட்டும் அசைகிறது. கூரான ஓரம் அதில் உரசினால் சில மாதங்களில் இன்சுலேஷன் கிழிந்து ஷார்ட் ஆகும், ஃபியூஸ் போகும். காரணம் எங்கே என்று மெக்கானிக்குக்கும் சட்டெனப் புரியாது. வயர் பக்கம் வரும் ஓரத்துக்கு ரப்பர் பீடிங் (ஓரத்தை மூடும் ரப்பர் பட்டை) போடுங்கள்.

பெயின்ட் அடிப்பதானால் ஒட்டுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். அலுமினியத்தில் எட்ச் பிரைமர் (உலோகத்தில் பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) இல்லாமல் அடித்த பெயின்ட் பெயர்ந்துவிடும். ஒட்டும் ஓரத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம்.

ஒட்டும் இடத்தில்தான் அதிகம் தோற்கிறது

எந்தப் பசை என்று கேட்பதற்கு முன், ஃபேரிங் எந்த பிளாஸ்டிக் என்று பாருங்கள். பேனலின் உட்புறத்தில் ஏபிஎஸ் (ABS, பிரேக் ஏபிஎஸ் அல்ல, ஒரு பிளாஸ்டிக் வகை) அல்லது பிபி (PP, பாலிப்ரொப்பிலீன்) என்று அச்சு இருக்கும். அச்சு இல்லையென்றால் உட்புற ஓரத்திலிருந்து பெயின்ட் இல்லாத சிறு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிபி, மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ்.

ஏபிஎஸ்ஸில் அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். 120-ம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒட்ட வேண்டும். வழக்கமான எபாக்ஸி என்றால் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். பிபியில் அதே எபாக்ஸி மெழுகுத்தாளில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மொத்தமாக உரிந்து வரும். அங்கே பசையை நம்பாமல், பின்புறம் ஒரு பட்டை வைத்து எம்4 (4 மி.மீ.) ஸ்க்ரூவால் இறுக்கலாம். அல்லது சால்டரிங் அயர்னால் மெஷ் ஓரத்தைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் அமிழ்த்தலாம். பேனல் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. தடிமன்தான். 1 மி.மீ.க்கு மேல் அமிழ்த்தினால் வெளிப்புறப் பெயின்ட்டில் தடம் விழும். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். புகை வரும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஃபெவிக்விக் வகைப் பசை உடனே பிடிக்கும், ஆனால் அதிர்வில் உடையும். சுற்றிலும் வெள்ளைப் படலமும் படியும். ஹாட் குளூ வெயிலிலும் ரேடியேட்டர் சூட்டிலும் இளகிவிடும். அசிட்டோனைப் பெயின்ட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

நல்ல பசையையே சுற்றிலும் ஒரே கோடாகப் பூசுவதும் தவறுதான். சூட்டில் ஏபிஎஸ் விரிவது அலுமினியத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. 20 செ.மீ. திறப்பில் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை மி.மீ. இழுபறி உண்டாகும். அது தினமும் நடந்தால் பசையோ பிளாஸ்டிக்கோ விரிசல் விடும். 3 முதல் 4 செ.மீ. இடைவெளியில் புள்ளி புள்ளியாக வைத்தால் மெஷ் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

ரேடியேட்டர் மெஷ்ஷுக்குத் தனி விதிகள்

ரேடியேட்டர் ஃபின் இடுக்கில் கேபிள் டை நுழைத்துக் கட்டுவதைச் செய்யவே கூடாது. அதிர்வில் அது டியூபை அறுக்கும். ரேடியேட்டரைப் பிடிக்கும் போல்ட் அல்லது அதன் பக்கச் சட்டத்தில் மட்டும் பிடிமானம் கொடுங்கள். கேபிள் டை போட்டே ஆக வேண்டும் என்றால் கறுப்பு நிறம் வாங்குங்கள், வெள்ளை டை வெயிலில் காய்ந்து முறியும். ரேடியேட்டர் அருகே டிரில் போடாதீர்கள்.

மெஷ்ஷுக்கும் ஃபின்னுக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினாலும் ஃபின்னைத் தொடக் கூடாது. அதற்காக முன்னால் தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்) அமுங்கி டயரும் மட்கார்டும் ரேடியேட்டரை நெருங்கும். ஸ்டாண்டில் நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்பாதீர்கள். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு கேபிள் டையைத் தானாகச் சரியாமலும், தள்ளினால் நகரும்படியும் கட்டி, வேகத்தடை உள்ள ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு அமுங்கியது என்று அது நகர்ந்து காட்டும். குழியில் இதற்கு மேலும் அமுங்கும் என்று வைத்துக்கொண்டு இடம் விடுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹார்ன், ஹோஸ், வயர் எதுவும் மாட்டவில்லை என்று பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி முறுக்கி, பேனல் சரியாக உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். பலம் கொடுத்து முறுக்கினால் போல்ட் நுழையும் பிளாஸ்டிக் காது பிளக்கும். 200 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

மெஷ் போடுவதற்கு முன்பே வழக்கமான ரூட்டில் கூலன்ட் வெப்ப அளவையும், ஃபேன் எங்கே ஓடத் தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு அதே நேரத்தில் அதே ரூட். சிக்னலில் ஃபேன் முன்பைவிட அடிக்கடி ஓடினால், நகர்ந்த பிறகும் நிற்க நேரமெடுத்தால், கண் சிறிது என்று பொருள். பெரிய கண்ணுக்கு மாறுங்கள்.

மழைக்குப் பின் ஈசல் பறக்கும் மாலைகளில் ஒரே பயணத்தில் மெஷ் பாதி அடைத்துவிடும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் பூச்சி உள்ளே போய் ஃபின்னில் சிக்கும், ஃபின்னும் மடங்கும். மெஷ்ஷைக் கழற்ற முடிகிற மாதிரி போல்ட்டில் பொருத்தியிருந்தால், கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் ஐந்து நிமிட வேலை.