கொள்ளளவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

900 மில்லிலிட்டர், 2 லிட்டர் ஆகிய இரண்டில் எது அதிகம் என்று கேட்டால், சற்றும் தயங்காமல் 900 என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. அவர்கள் எண்ணைப் பார்க்கிறார்கள், அலகைப் பார்ப்பதில்லை. 2 லிட்டரை 2000 மில்லிலிட்டர் என்று எழுதி, இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

சிறிய அலகுக்கு மாற்றினால் எண்ணும் சிறிதாகும் என்று எண்ணி, பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பது மற்றொரு தவறு. 7 லிட்டரை 0.007 மில்லிலிட்டர் என்று எழுதினால், அது ஒரு சொட்டு நீரைவிடவும் குறைவு. விடை 7000 மில்லிலிட்டர்.

இவற்றைவிட விடாப்பிடியானது சுழியத்தில் நேரும் தவறு. 3 லிட்டர் 50 மில்லிலிட்டரைச் சிலர் அப்படியே ஒட்டி 350 என்கிறார்கள். சிலர் சுழியத்தைக் கடைசியில் சேர்த்து 3500 என்கிறார்கள். 1 லிட்டரில் 1000 மில்லிலிட்டர் இருப்பதால், லிட்டருக்கு வலப்பக்கம் எப்போதும் மூன்று இலக்கங்கள் வர வேண்டும். எனவே 50 என்பது 050 ஆகி, விடை 3050 ஆகிறது. தசமத்திலும் இதே தவறுதான் வேறு உருவில் வருகிறது: 2.5 லிட்டர் என்பது 2 லிட்டர் 5 மில்லிலிட்டர் அன்று, 2 லிட்டர் 500 மில்லிலிட்டர்; 2 லிட்டர் 5 மில்லிலிட்டரை 2.005 என்றே எழுத வேண்டும்.

கழித்தலில், 4 லிட்டர் 200 மில்லிலிட்டரிலிருந்து 1 லிட்டர் 750 மில்லிலிட்டரைக் கழிக்கும்போது, 200இலிருந்து 750 போகாது என்றவுடன் 750இலிருந்து 200ஐக் கழித்து 3 லிட்டர் 550 மில்லிலிட்டர் என்று முடித்துவிடுகிறார்கள். மீட்டர், சென்டிமீட்டர் பழக்கத்தில் 100 கடன் வாங்குவோரும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். கடன் வாங்கும் 1 லிட்டர் 1000 மில்லிலிட்டராக வரும். 1200இலிருந்து 750 போக 450, ஆக விடை 2 லிட்டர் 450 மில்லிலிட்டர். விடையோடு கழித்த அளவைக் கூட்டிப் பார்த்தால் பிழை தானே தெரிந்துவிடும்.

உயரமான பாத்திரமே அதிகம் கொள்ளும் என்று கண்ணால் முடிவுகட்டுவதும் தவறே. ஒன்றில் நிரப்பிய நீரை மற்றொன்றில் ஊற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. அதேபோல், 1 லிட்டர் என்றாலே 1 கிலோகிராம் என்பது நீருக்கு ஏறத்தாழப் பொருந்துமே தவிர, நீரின்மேல் மிதக்கும் எண்ணெய்க்குப் பொருந்தாது.