தோள் கழலும் வீரர்கள்: மருத்துவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டிய கபடி வீரரின் மேல் எதிரணியினர் விழுந்து, அந்தக் கையை மேலும் பின்னுமாக இழுக்கும்போது தோள்மூட்டு முன்புறமாகக் கழன்றுவிடுகிறது. அனுபவமுள்ள ஒருவர் அங்கேயே இழுத்துப் பொருத்திவிட, வலி சட்டென்று குறைந்து ஆட்டம் தொடர்கிறது. முதல் தவறு இதுதான். எலும்பு முறிவு உண்டா என்று எக்ஸ்ரேயில் பாராமல் இழுத்தால், சிறு முறிவும் விலகிப் பெரிதாகக்கூடும். மூட்டைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும், மேற்கையின் வெளிப்புறத்தில், காவலர் சட்டையில் சின்னம் தைக்கும் இடத்தை விரலால் தடவி, உணர்வு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மரத்திருந்தால் அக்குள் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அரை நிமிடச் சோதனைதான், ஆனால் அவசரத்தில் விடுபடுவதும் இதுவே.

தளர்வான மூட்டையெல்லாம் நிலையற்ற மூட்டு என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. நீச்சல் வீரர்கள் பலருக்கு இரு தோள்களும் இயல்பாகவே தளர்ந்திருக்கும். தொந்தரவு தராத தளர்வு நோயன்று. கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வெளிப்புறமாகத் திருப்பும் சோதனையில் வீரரின் முகத்தைக் கவனிக்க வேண்டும். ‘வலிக்கிறது’ என்பது வேறு, ‘கழன்றுவிடும்போல் இருக்கிறது’ என்று அவர் கையை இழுத்துக்கொள்வது வேறு. நிலையின்மையைக் காட்டுவது பின்னதுதான்.

எக்ஸ்ரேயை ஒரே கோணத்தில் எடுத்து நிறுத்திவிட்டால், பின்புறமாகக் கழன்ற மூட்டு கண்ணில் படாமலே போகலாம். எம்ஆர்ஐ ஸ்கேனில், மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அமரும் குழியைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு விளிம்பின் கிழிசலைக் கண்டதும், உடனே அதைத் தைக்கத் தீர்மானிப்பதும் சரியன்று. பலமுறை கழன்ற தோளில் குழியின் எலும்பு விளிம்பே தேய்ந்திருக்கும் என்பதால், சிடி ஸ்கேனில் இழப்பை அளந்தாக வேண்டும். விளிம்பு உடைந்த அகலில் எலுமிச்சம்பழம் நிற்குமா? இழப்பு 20 முதல் 25 சதவீதத்தை எட்டினால், வெறும் தையல் பெரும்பாலும் தாங்காது. 1954-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லாட்டர்ஜே விவரித்த முறைப்படி அருகிலுள்ள எலும்புத் துண்டொன்றை அங்கே பொருத்துவதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

வயதைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை தருவதையும் தவிர்க்க வேண்டும். இருபது வயதுக்குட்பட்டவருக்கு மீண்டும் கழலும் வாய்ப்பு மிக அதிகம். கையை வாரக்கணக்கில் தூளியில் கட்டி வைத்தாலும் அது குறைவதில்லை. நாற்பதைக் கடந்தவரிடம் தசைநாண் கிழிசலைத் தேட வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதத்தில் வலி இராது. போட்டி அறிவிப்பும் வந்திருக்கும். மோதல் விளையாட்டுகளுக்குப் பொதுவாக ஆறு மாதங்களாவது தேவைப்படும் என்பதோடு, அதன் பிறகும் நாட்காட்டியை மட்டும் நம்பாமல், இரு தோள்களின் வலிமையையும் அசைவையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அனுமதி தர வேண்டும்.