மன்னார்குடியும் லட்சத்தீவும்: மக்கள்தொகையை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லட்சத்தீவில் வாழ்ந்தவர்கள் 64,473 பேர். அதே கணக்கெடுப்பில் மன்னார்குடி நகராட்சியின் மக்கள்தொகை 66,999. ஒரு யூனியன் பிரதேசம் முழுவதையும் சேர்த்தாலும் மன்னார்குடியைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் குறைவு. டெல்டாக்காரர்களுக்கு அந்தத் தீவுகளின் அளவைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கேட்டவுடன் பலர் சொல்வது, ‘இவ்வளவுதானா? இதற்கு எதற்குத் தனி எம்.பி.?’ என்பதுதான். ஒப்பீடு அங்கேயே நின்றுவிட்டால் அது தீவுக்காரர்களுக்குச் செய்கிற அநியாயம்.

எம்.பி. விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மன்னார்குடி அடங்கிய தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியில் 2024 தேர்தலின்போது ஏறத்தாழ 15 லட்சம் வாக்காளர்கள். லட்சத்தீவில் ஐம்பதாயிரத்துச் சொச்சம். இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்தால் தீவுக்குச் சலுகை கிடைத்திருப்பதுபோலத் தெரியும். ஆனால் மன்னார்குடியில் ஒருவருக்கு உடம்பு மோசமானால் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கோ திருவாரூருக்கோ காரில் கொண்டுபோய்விடலாம். கவரத்தியிலோ மினிக்காயிலோ அதே நிலை வந்தால் ஹெலிகாப்டருக்குச் சொல்லி அனுப்பி, வானிலை இடம்கொடுத்தால் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். தீவுகள் கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கின்றன. மன்னார்குடி தனித்து நிற்கிற ஊர் அல்ல. சுற்றுக் கிராமத்து ஆட்கள் காலை பஸ்ஸில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். தலைகளின் எண்ணிக்கை சமமாக இருப்பதால் தேவைகளும் சமம் என்று எண்ணுவதுதான் இந்த ஒப்பீட்டில் நேரும் முதல் தவறு. என் கணக்கில் பெரிய தவறும் அதுவே.

அடுத்தது பரப்பளவு. லட்சத்தீவின் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் 1,200 வேலிக்குச் சற்றுக் குறைவு (ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர்). 36 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை பத்து. மிகச் சிறியது பித்ரா: பரப்பு சுமார் 0.1 சதுர கிலோமீட்டர், 2011இல் 271 பேர். அதாவது கிட்டத்தட்ட நான்கு வேலி. டெல்டாவில் நான்கு வேலி என்பது ஒரு மிராசுதார் குடும்பத்தின் நஞ்சை. ஒரே வரப்பில் நடந்தே சுற்றிவந்துவிடலாம். அந்த அளவு மணலில் வீடுகள், பள்ளி, பள்ளிவாசல், தென்னை, குடிதண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும்.

ஆகவே ‘ஆள் இல்லாத தீவுகள்’ என்ற எண்ணம் தவறு. சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல் அங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள். தமிழ்நாட்டின் சராசரி 555. ஆனால் இந்த எண்ணை அப்படியே தூக்கித் தஞ்சாவூர் மாவட்டத்தோடு ஒப்பிடுவதும் சரியில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தின் பரப்பில் பெரும்பகுதி வயல். சோறு தரும் நிலமும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடுவதால் அடர்த்தி குறைந்து தெரிகிறது. தீவுக்காரர்களுக்கு வயல் என்றால் கடல். சூரை மீன் அங்கேதான். அந்தக் கடல் வகுக்கும் எண்ணில் வருவதே இல்லை. தீவுகளைச் சூழ்ந்த காயல்பரப்பு மட்டும் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். அது தஞ்சாவூர் மாவட்டத்தைவிடப் பெரியது. அதையும் சேர்த்து வகுத்தால் அடர்த்தி 15க்கு இறங்கிவிடும். வீட்டுநெருக்கடியைப் பேச வேண்டுமானால் கவரத்தியைக் கும்பகோணத்தோடு வைத்துப் பாருங்கள், மாவட்டத்தோடு வேண்டாம். பிழைப்பைப் பேசுவதானால் காயலை விட்டுவிடாதீர்கள்.

சதவீதங்களிலும் எச்சரிக்கை தேவை. பித்ராவிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் கொச்சிக்குக் குடிபோனால் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 சதவீதம் சரிந்துவிடும். 1,40,156 பேர் இருந்த கும்பகோணத்தில் அதே அளவு சரிவு வர 2,800 பேர் கிளம்ப வேண்டும். சிறிய இடங்களின் வளர்ச்சி விகிதத்தைக் கொண்டு ‘வேகமாக வளர்கிறது’, ‘அழிகிறது’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் லட்சத்தீவு 78 சதவீதம் நகர்ப்புறம். தஞ்சாவூர் மாவட்டம் 35 சதவீதம்தான். தீவுகள் தஞ்சையைவிட நகரமயமாகிவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நகராட்சி அந்தஸ்து இல்லாத ஊர்கூட, 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழில் செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றினால் கணக்கெடுப்பில் நகரம் ஆகிவிடும். தீவுகளில் அடர்த்தி ஏற்கெனவே இருக்கிறது, உழவும் குறைவு. ஆக 5,000ஐத் தாண்டிய ஊர் அப்படியே நகர்ப்புறக் கணக்கில் ஏறிவிடுகிறது. 2001இல் 44 சதவீதமாக இருந்தது பத்தே ஆண்டில் 78 ஆனது கிராமத்து மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்ததால் அல்ல.

குடியிருப்பவர்களைக் கூட்டத்தோடு ஒப்பிடாதீர்கள். மகாமகத்துக்கு வந்த கூட்டத்தில் லட்சத்தீவு ஒரு மூலைக்குக் காணாது என்று சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். அந்தக் கூட்டம் மறுநாள் கலைந்துவிடும். அதன் அளவும் மதிப்பீடுதான்.

ஊரில் இல்லாதவர்களையும் மறந்துவிடக் கூடாது. நியூசிலாந்தோடு இணைந்த நியுவே தீவில் இருப்பவர்கள் ஏறத்தாழ 1,600 பேர். ஆனால் 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் தங்களை நியுவே வம்சாவளியினர் என்று பதிந்தவர்கள் 30,000க்கு மேல். கூத்தாநல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டு அந்த ஊரை எண்ணினால் கிடைப்பது வீட்டில் இருப்பவர்களின் கணக்கு மட்டுமே. நியுவேக்கும் ஊர் எண்ணிக்கை வேறு, மக்கள் எண்ணிக்கை வேறு. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று எழுதிவிட வேண்டும்.

கடைசியாக ஆண்டும் எல்லையும். 2011இன் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 16,16,450 பேர். 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய எண்ணை இன்றைய நாகப்பட்டினத்தின் மக்கள்தொகை என்று எடுத்துக்கொண்டால் மயிலாடுதுறைக்காரர்களையும் அதில் சேர்த்து எண்ணுகிறோம். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் முடிவுகள் வரும்போது மன்னார்குடிக்குப் புதிய எண், லட்சத்தீவுக்குப் பழைய எண் என்று கலந்து எழுதாதீர்கள். இரண்டும் கைக்கு வரும்வரை 66,999க்கும் 64,473க்கும் பக்கத்தில் 2011 என்றே போடுங்கள்.