துருவை அழிக்காமல் ஒரு ராட் பைக்

சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் பலூன் டயர் எனும் பருத்த டயருடன் கொண்டுவந்த 26 அங்குலச் சைக்கிள்களின் வழிவந்த பழைய க்ரூஸர் (நிதானமாக ஓட்டும் சைக்கிள்) சட்டமே (ஃப்ரேம்), துருவையும் பழைய பெயின்ட்டையும் மறைக்காமல் காட்டும் அமெரிக்க ராட் பாணிக்கு மிகப் பொருத்தமானது. இணைப்புகளில் விரிசல் இல்லையென உறுதிசெய்த பின், உதிரும் துருவை மட்டும் மெல்லத் தேய்த்தெடுத்து, எஞ்சிய பழைய பெயின்ட்டின் மீது, கடைகளில் பாயில்டு லின்சீட் ஆயில் என விற்கப்படும் ஆளி விதை எண்ணெயை மிக மெல்லிதாகப் பூச வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், அதைச் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்து உலர்த்துங்கள். தோற்றம் எவ்வளவு பழையதாயினும் பேரிங், செயின், டயர் ஆகியவை புதியனவாகவே இருக்கட்டும்.

படமெடுக்கும்போது செயின் உள்ள பக்கம் கேமராவை நோக்கியிருக்க, கேமராவைச் சக்கர அச்சின் உயரத்துக்குத் தாழ்த்துங்கள். மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் துருவின் சொரசொரப்பும் பெயின்ட் உரிந்த விளிம்பும் தெளிவாகப் பதியும். பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டு தரைக்கு இணையாக இருப்பதே எனக்குப் பிடித்தம். செங்குத்தாகத் தொங்கினால் சட்டத்தின் நீண்ட வளைவு எடுபடாது.